ஆய்வுக்கூடக் குரங்குக்கு முதலில் தேவை இன்னொரு குரங்கு

கேள்வி இதுதான்: மருந்துக்காகவும் தடுப்பூசிக்காகவும் கூண்டில் வைத்திருக்கும் குரங்குகளின் வாழ்க்கையை மேம்படுத்த நிஜமாகவே என்ன செய்ய முடியும்? கூண்டைப் பெரிதாக்கினால் போதுமா, இல்லை ஆராய்ச்சியையே நிறுத்தினால்தான் விடிவா?

நான் கால்நடை மருத்துவர். பல வருடங்கள் ஆய்வுக்கூட விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அதில் குரங்குகளும் உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டுக் குரங்குக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதோடு இன்னொரு குரங்கை வைப்பது. அதற்கு அடுத்தது, ஊசி போடுவதானாலும் அது தானாகக் கையையோ காலையோ நீட்டும்படி பழக்குவது. தொங்கும் டயர், பொம்மை, சுவரில் ஓவியம், டிவி எல்லாம் இவை இரண்டுக்கும் பிறகுதான். இந்த இரண்டுமே முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்த விஷயங்கள். பெரிய செலவும் கிடையாது. ஆனாலும் பல இடங்களில் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு குரங்கைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர்க் கோயில்களில் திரியும் அதே நாட்டுக் குரங்கு, தலையில் வகிடு எடுத்துச் சீவினாற்போல் முடி இருக்கும் இனம். வளர்ந்த ஆண். இரண்டு அடுக்குக் கூண்டில் கீழ் அடுக்கில் தனியாக இருந்தான். காலையில் கதவைத் திறந்தால் அவன் நடந்துகொண்டிருப்பான். மூன்று எட்டு, ஒரு திரும்பல், திரும்பும்போது தலையை ஒரு சுழற்று. மறுபடி மூன்று எட்டு. மதியம் போனாலும் அதேதான். வெளியே டிராலி உருளும் சத்தம் கேட்டால் நின்று, இடது முன்கையைக் கடிப்பான். கடித்துக் கடித்து அந்த இடத்தில் முடியே இல்லை, தோல் காய்ப்பு காய்த்திருந்தது. பதிவேட்டில் அவன் எடை சரி, சாப்பாடு சரி, மலம் சரி. 'நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் சில வாரங்கள் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.

அவன் விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவில் தனிக்கூண்டில் இருந்த 362 ரீசஸ் குரங்குகளை (வட இந்தியாவில் திரியும் இனம், நம் நாட்டுக் குரங்குக்கு நெருங்கிய உறவு) ஆராய்ந்து 2003-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 321 குரங்குகளிடம் ஏதாவது ஓர் இயல்பற்ற நடத்தை இருந்தது. பெரும்பாலானவை இப்படி இடைவிடாமல் நடப்பவை. பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், தன்னைத் தானே கடித்துச் சிகிச்சை பெற்ற பதிவு இருந்தது. தனியாக எத்தனை வருடம் இருந்தது, எவ்வளவு சின்ன வயதில் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்பவை இதை ஊட்டி வளர்க்கும் முக்கியக் காரணங்கள் என்று இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு கூட்டத்தைப் பார்த்தாலே போதும். குரங்கு விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கும். மிச்ச நேரத்தில் பேன் பார்க்கும். பேன் பார்ப்பது என்றாலும் உண்மையில் பேன் இருக்க வேண்டியதில்லை. அது அவர்களுடைய பேச்சு, சமாதானம், சொந்தம் கொண்டாடுதல் எல்லாமே. 1938-ல் இந்தியாவிலிருந்து 409 ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் போர்ட்டோ ரிக்கோ பக்கத்தில் காயோ சாந்தியாகோ என்ற குட்டித் தீவில் விட்டார்கள். அவற்றின் சந்ததி இன்றும் அங்கே இருக்கிறது. 2017-ல் மரியா புயல் அந்தத் தீவின் மரங்களை மொட்டையடித்துவிட்டது. நிழலுக்குப் பஞ்சம். அதற்குப் பிறகு அந்தக் குரங்குகள் சண்டை போட்டுச் செத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு: முன்பு கிட்டே சேர்க்காதவர்களையும் பக்கத்தில் உட்கார விட்டன. அப்படி மற்றவர்களோடு ஒட்டி உட்காரப் பழகிய குரங்குகளே அதிகம் பிழைத்தன. இருக்கும் கொஞ்ச நிழலைப் பங்குபோட்டுக்கொள்ளத் தெரிந்த பிராணியைத்தான் நாம் தனிக்கூண்டில் வைக்கிறோம்.

தனிமை என்ன செய்யும் என்பதை அறிவியல் மிகக் கொடூரமான முறையில்தான் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர், 1950-களில், ரீசஸ் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் செய்த பொம்மைத் தாய், துணி சுற்றிய பொம்மைத் தாய் என்று இரண்டை வைத்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டி துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு முழுத் தனிமையில் வளர்த்த குட்டிகள் தம்மையே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடின, தம்மையே கடித்தன. அந்தக் குட்டிகள் பட்டதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. அந்த முடிவுகளைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, ஆய்வுக்கூடக் குரங்குகளை மட்டும் தனிக்கூண்டிலேயே தொடர்ந்து வைத்திருந்தார்களே, அது எனக்கு இன்னும் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

சட்டம் அசைய 1985 வரை ஆனது. 1981-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் 17 குரங்குகள் இருந்த அவல நிலை வெளியே வந்து பெரிய வழக்கானது. அதன் தொடர்ச்சியாக வந்த திருத்தத்தில்தான், குரங்கினங்களின் மனநலத்துக்கு ஏற்ற சூழல் தர வேண்டும் என்ற வாசகம் அமெரிக்கச் சட்டத்தில் நுழைந்தது.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை அசையாமல் இருந்தது: வளர்ந்த ரீசஸ் குரங்குகளை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். நானும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இதை உடைத்தவர் விக்டர் ரைன்ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர். ஹார்லோ வேலை பார்த்த அதே மேடிசனில், 1980-களின் பிற்பகுதியில், வருடக்கணக்காகத் தனியே இருந்த குரங்குகளை அவர் ஜோடி சேர்த்தார். பெரும்பாலான ஜோடிகள் ஒத்துப்போயின.

அதில் ரகசியம் எதுவும் இல்லை, நிதானம்தான் வேண்டும். எடுத்த எடுப்பில் ஒரே கூண்டில் தள்ளக் கூடாது. முதலில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஆனால் கடிக்க முடியாதபடி, நடுவில் கம்பித் தடுப்பு வைத்துச் சில நாள் விடுவார்கள். அந்த நாட்களில் யார் பெரியவர் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். ஒன்று பல்லைக் காட்டும். நாம் 'இளிக்கிறது' என்போம், அது பணிவு. இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பின்புறத்தைக் காட்டும். இப்படி ஒன்று மட்டும் பணிந்து போவது தெளிவாகத் தெரிந்த பிறகுதான், இருவருக்கும் புதிதான மூன்றாவது கூண்டில் சேர்த்து விட வேண்டும். யாருடைய பழைய இடமாகவும் அது இருக்கக் கூடாது. இரண்டும் மாறி மாறி மிரட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஜோடி வேண்டாம், வேறு துணை பார்க்கலாம். சேர்த்த பிறகு கூண்டின் நடுவில் பாதி மறைக்கும் ஒரு தட்டி வைக்க வேண்டும், வேண்டாத நேரத்தில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க. ரைன்ஹார்ட் இதையும் அளந்து பார்த்தார். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தபோது ஜோடிகள் இன்னும் அதிக நேரம் நெருங்கி இருந்தன. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

எல்லா ஜோடியும் நிலைக்காது என்பதும் உண்மை. ஆண்களின் கோரைப்பல் ஆழமாக வெட்டும், தையல் போட்டிருக்கிறேன். முதல் நாள் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஆள் ஒதுக்கவில்லை என்றால் ஆரம்பிக்கவே கூடாது. சேரவே முடியாதவற்றுக்கு, விரல் நுழைந்து பேன் பார்க்கிற அளவு இடைவெளி விட்ட கம்பித் தடுப்பாவது கொடுக்கலாம். ஆராய்ச்சித் தேவைக்காகத் தனியே வைக்கத்தான் வேண்டும் என்று சொல்பவர்களிடம் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், உடல்நிலை காரணமாக மருத்துவர் தனிமைப்படுத்தினால், அது நிரந்தரக் குறையாக இல்லாதவரை, அதை 30 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும். நல்ல விதி. கையெழுத்துப் போடுபவர் மாதாமாதம் அந்தக் கூண்டு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் அல்லவா.

நான் சொன்ன அந்தக் குரங்குக்கு, நிறைய வாக்குவாதத்துக்குப் பிறகு, ஓர் இளம் ஆணைத் துணையாக வைத்தோம். ஒன்பதாவது நாள் தடுப்பை எடுத்தோம். சின்னவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெரியவன் ரொம்ப நேரம் சும்மா பார்த்தான். அப்புறம் கையை நீட்டி அவன் தோளில் முடியை விலக்கினான். விலக்கிவிட்டு நிறுத்தினான், மறந்துபோன ஏதோ ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்வது மாதிரி. பிறகு இரண்டு கையாலும் பார்க்க ஆரம்பித்து முக்கால் மணி நேரம் விடவில்லை. சில மாதங்களில் முன்கையில் முடி திரும்ப வளர்ந்தது. ஆனால் அந்த மூன்று எட்டு நடை முழுதாகப் போகவில்லை. கடைசிவரை, குறைவாக என்றாலும், இருந்தது. காலம் கடந்து செய்தால் இவ்வளவுதான் கிடைக்கும். அதனால்தான் குட்டிப் பருவம் அவ்வளவு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறை, மக்காக் (ரீசஸும் நம் நாட்டுக் குரங்கும் அடங்கிய குரங்கு வகை) குட்டிகளைப் பொதுவாக எட்டு மாதத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. என்னைக் கேட்டால் அதுவே குறைவு.

இனி ஊசி. பழைய முறையில் ரத்தம் எடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். கூண்டின் பின்சுவர் நகரும். அதை இழுத்து இழுத்துக் குரங்கை முன்பக்கக் கம்பியோடு ஒட்டி நெருக்குவார்கள். அசைய முடியாமல் ஆனதும் தொடையில் கெட்டமைன் மயக்க ஊசி. டிராலி சத்தத்துக்கே ஒரு குரங்கு தன் கையைக் கடிக்கிறது என்றால் காரணம் இதுதான். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று அதற்குத் தெரியும். நடுக்கத்தில் மலம் கழித்துவிடும். பக்கத்துக் கூண்டுகளில் இருப்பவையும் கத்தும்.

பழக்கும் முறை இப்படி: முதல் நாட்களில் சும்மா கூண்டருகே உட்கார்ந்து, ஒரு திராட்சையோ வேர்க்கடலையோ கையால் கொடுப்பது. பிறகு ஒரு குச்சியின் நுனியைத் தொட்டால் திராட்சை. பிறகு திறப்பு வழியாகக் காலை வெளியே நீட்டினால் திராட்சை. காலைத் தொட விட்டால், பிடிக்க விட்டால், பஞ்சால் துடைக்க விட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு திராட்சை. கடைசியில்தான் ஊசி. நடுவில் காலை உள்ளே இழுத்துக்கொண்டால் விட்டுவிட வேண்டும், திட்டவோ பிடித்து இழுக்கவோ கூடாது. 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற குரங்குதான் 'சரி' என்று சொல்லும். ரைன்ஹார்ட்டின் குழு இப்படிப் பழகிய குரங்குகளிடம் ரத்தம் எடுத்து, பதற்றத்தின்போது ஏறும் கார்டிசால் ஹார்மோனை அளந்தது. கட்டுப்படுத்தும் கருவியில் வைத்து எடுத்தபோது அது நன்றாக ஏறியது. சொந்தக் கூண்டில் ஒத்துழைத்துக் கொடுத்தபோது குறிப்பிடும்படி ஏறவில்லை.

ஆராய்ச்சியாளர்களிடம் பேசும்போது நான் எப்போதும் இந்த இடத்தில்தான் நிறுத்துவேன். பயத்தில் இருக்கும் குரங்கின் கார்டிசால், ரத்தச் சர்க்கரை, வெள்ளணுக்கள், இதயத் துடிப்பு எல்லாம் மாறிப்போயிருக்கும். அந்த ரத்தத்தில் மருந்தின் விளைவை அளக்கிறீர்களா, பயத்தின் விளைவை அளக்கிறீர்களா? குரங்கின் மேல் இரக்கம் வராதவர்களுக்கும் தங்கள் தரவின் மேல் அக்கறை வரும்.

பராமரிப்பாளர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மக்காக் குரங்குகள் ஹெர்பீஸ் பி வைரஸைச் சுமப்பவை. அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கடிபட்ட மனிதருக்கு மூளைக்குப் போய் உயிரையே எடுக்கலாம். 1932-ல் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவர் குரங்கு கடித்து இறந்ததில்தான் இந்த வைரஸே அடையாளம் காணப்பட்டது. அதனால் ஆட்கள் பயப்படுவது நியாயம். ஆனால் மல்லுக்கட்டிப் பிடிக்கும்போதுதான் அதிகம் கடி விழுகிறது. பழகிய குரங்கு ஆளுக்கும் பாதுகாப்பு. தினக்கூலிக்கு மாதம் ஒருவரை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தக் குரங்கும் பழகாது. பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரே ஆள் வருடக்கணக்கில் இருக்க வேண்டும், அவருக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும்.

சரி, கூண்டின் அளவுக்கு வருவோம். அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அமெரிக்க விதியில் 3 முதல் 10 கிலோ வரை உள்ள குரங்குக்குக் குறைந்தபட்சம் 4.3 சதுர அடித் தரையும் 30 அங்குல உயரமும் போதும். எழுந்து நின்று கையைத் தூக்கினால் கூரை இடிக்கும். ஐரோப்பிய நெறிமுறையில் மக்காக்குகளின் கூண்டு குறைந்தது 2 சதுர மீட்டர் தரையும் 1.8 மீட்டர் உயரமும் உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டிலும் எனக்கு உயரம்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பயந்த குரங்கு மேலே ஏறும். மனிதனைவிட உயரத்தில் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. கீழ் அடுக்குக் கூண்டில் இருப்பது வாழ்நாள் முழுக்க நம் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, மேல் கூண்டின் நிழலில், வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கிறது. இரண்டு அடுக்கையும் நடுத்தட்டை எடுத்து ஒன்றாக்கி, மேலே உட்கார ஒரு கட்டை வைத்தாலே அந்த ஜோடிக்கு வேறு வாழ்க்கை.

சாப்பாட்டில் செலவே இல்லை. உருண்டைத் தீனியைக் கிண்ணத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் தின்றுவிட்டு நாள் முழுக்க சும்மா உட்கார்ந்திருக்கும். அதையே கூண்டின் கம்பிக் கூரை மேல் பரப்பிவிட்டால், ஒவ்வொன்றையும் விரலால் திருப்பி, கடித்துச் சிறிதாக்கி, இழுத்து எடுக்க வேண்டும். கிண்ணத்தில் சும்மா கிடைத்தாலும் உழைத்து எடுப்பதையே அவை பலநேரம் தேர்ந்தெடுக்கும். கொய்யாக் கிளை, உரிக்காத வேர்க்கடலை, வைக்கோலில் தூவிய தானியம், எல்லாம் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பவை.

ஆராய்ச்சியையே நிறுத்துவது பற்றி. மாற்று வழிகள் வர வர குரங்கைத் தொடவே வேண்டாம் என்ற நாள் வர வேண்டும். அதுதான் என் ஆசையும். நடக்காத காரியமும் அல்ல. போலியோ தடுப்பூசிக்காக 1950-களில் இந்தியா லட்சக்கணக்கில் ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்தது. வழியிலேயே இறந்தவை ஏராளம். 1978-ல் அந்த ஏற்றுமதி நின்றது. 1962-ல் ஜப்பானில் ஒரே ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய வீரோ என்ற, ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் உயிரணு வரிசை, பிற்பாடு தடுப்பூசித் தயாரிப்பில் புதுப்புதுக் குரங்குகளின் சிறுநீரகத்துக்குப் பதிலாக நின்றது. 2023-ல் இந்திய மருந்துப் பரிசோதனை விதிகளே திருத்தப்பட்டு, உயிரணு சார்ந்த சோதனைகளுக்கும் சிறு சில்லில் (சிப்) வளர்த்த உறுப்பு மாதிரிகளுக்கும் இடம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், ஆன்டிபாடி மருந்துகளுக்கான விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது.

ஆனால் 2020-லும் கோவாக்சின் மக்கள் பயன்பாட்டுக்கு வரும் முன் 20 ரீசஸ் குரங்குகளில் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவில் இப்போதும் ஆண்டுக்குப் பல்லாயிரம் குரங்குகள் பயன்படுகின்றன. மாற்று வரும்வரை இந்தக் குரங்குகள் காத்திருக்க முடியாது. 'நலன் பற்றிப் பேசினால் ஆராய்ச்சியை நியாயப்படுத்துவதாகிவிடும்' என்று நல்ல மனதோடு சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: இன்று ராத்திரி அந்தக் கூண்டில் ஒன்று தனியாகத் தூங்கப் போகிறது, அதையும் கணக்கில் எடுங்கள்.

இந்தியாவில் இதற்கான வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் நம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா இருக்கிறது. பரிசோதனைகளை மேற்பார்வையிடும் மத்தியக் குழுவும் அந்தச் சட்டத்தில் பிறந்ததே. விலங்குகளில் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அதில் வெளி விஞ்ஞானி ஒருவரும், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உள்ள ஒருவரும் இருப்பார்கள். நீங்கள் அப்படி ஒரு இடத்தில் இருந்தால், கோப்பைப் படித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கூண்டறைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கீழ் அடுக்கைக் குனிந்து பாருங்கள். தனியாக இருப்பவை எத்தனை, ஒவ்வொன்றும் ஏன் தனியாக, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். முன்கையில் முடி இருக்கிறதா என்று பாருங்கள். மயக்க ஊசி இல்லாமல் ரத்தம் கொடுக்கப் பழகியவை எத்தனை என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: ஆராய்ச்சி முடிந்த பிறகு இவை எங்கே போகும்? பிறந்ததிலிருந்து கூண்டில் வளர்ந்ததைக் காட்டில் விட்டுவிட முடியாது. அங்கே இருக்கும் கூட்டம் அடித்து விரட்டும், இதற்கு இரை தேடத் தெரியாது, இது சுமக்கும் கிருமி மற்றவற்றுக்குப் பரவலாம். திறந்த முற்றமும் மரமும் உள்ள ஓய்வகம் வேண்டும், அங்கும் ஜோடி பிரியாமல் போக வேண்டும். சோதனைக்குப் பிந்தைய பராமரிப்புச் செலவும் ஆராய்ச்சிச் செலவில் அடக்கம் என்பதுதான் மத்தியக் குழுவின் கொள்கை. குரங்கு பிழைத்தால் இருபது வருடத்துக்கு மேல்கூட இருக்கும். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் முதல் விண்ணப்பத்திலேயே அந்த வருடங்களுக்கான தொகை ஒரு வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுமதிக் கையெழுத்தைப் போடாதீர்கள்.